காத்து போற வழியில பாட்டும் போகும்

வாடா நைனா, உக்காரு. பெங்களூர்ல இருந்து வந்தவன் ஒரு வாய் மோர் கூடக் குடிக்காம, மூடிக் கெடக்கற புழு மனைக்குள்ள பூந்து டேப்பு பிடிச்சி அளந்துகினு இருக்கன்னு தெருவே பேசுது. பேரன் மறுபடியும் பட்டுப்பூச்சி வளக்கப் போறான், தோட்டத்துல மல்பெரி வைக்கணும்னு உங்க அவ்வா வெளக்கேத்திக் கும்பிட்டா. இப்பத்தானே தெரியுது, நீ வளக்கப் போறது நிசப்தம்னு.

பாட்டு கேக்கறதுக்குன்னே ஒரு ரூம். வெளிச்சத்தம் உள்ள வரக்கூடாது, உள்சத்தம் வெளிய போகக்கூடாது. நல்ல ஆசைதான். ராமகுப்பத்துல இதுக்கு முன்னால யாருக்கும் வராத ஆசை. நான் ரேடியோ செட்டு வச்சிருந்த காலத்துல பாட்டு வெளிய கேக்கறதுக்குத்தான் ஜனங்க காசு குடுத்தாங்க. தருமராஜா கோயில்ல பாரதம் நடந்தா பகல்ல அரிகதை, ராத்திரியில கூத்து. தென்ன மரத்து உச்சியில குழாய் ஸ்பீக்கரக் கட்டி, "எங்களுக்கும் கேட்டுது"ன்னு பக்கத்து ஊர்க்காரன் வந்து சொன்னாத்தான் எனக்கு முழுக் கூலி. நீ என்னடான்னா கூலி குடுத்து சத்தத்தை உள்ளயே பூட்டி வைக்கணுங்கற. இருக்கட்டும். சத்தத்தை ஊருக்கு அனுப்பினவனுக்குத்தான் அது எந்தச் சந்துல நழுவும்னும் தெரியும். கேட்டுக்கோ.

போன்ல காட்டினியே ஒரு படம், செவுரு பூரா கறுப்பு ஸ்பாஞ்சு, கூம்பு கூம்பா. இது எதுக்குடான்னா, "சவுண்ட் ப்ரூஃப் தாத்தா"ங்கற. அதை வித்தவன் உன்னப் பாத்ததும் மனசுக்குள்ள கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். அந்த ஸ்பாஞ்சை வாயில வச்சி ஊதிப்பாரு, அந்தப் பக்கம் காத்து வரும். காத்து போனா பாட்டும் போகும். ரூமுக்குள்ள சத்தம் செவுத்துல மோதித் திரும்பறதை அது கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதுலயும் ரெண்டு இஞ்சி ஸ்பாஞ்சு ஜால்ராவை முழுங்கும், தவிலைத் தொடக்கூடத் தொடாது. முட்டை அட்டை ஒட்டலாம்னு உன் சிநேகிதன் சொன்னானாமே, அது முட்டைக்கு ரொம்ப நல்லது. சாதா ஸ்பாஞ்சுல தீப்பிடிச்சா வர்ற பொகை வேற விஷம்.

இதுல ரெண்டு வேலை இருக்குதுடா. சத்தத்தை நிறுத்தறது ஒண்ணு. ரூமுக்குள்ள இருக்கற சத்தத்தை ஒழுங்கு பண்றது இன்னொண்ணு. மொதல் வேலைக்குக் கனம் வேணும், ஓட்டை இருக்கக்கூடாது. ஸ்பாஞ்சு, பஞ்சு எல்லாம் ரெண்டாவது வேலைக்கு. பாதிப்பேரு ரெண்டாவது வேலையச் செஞ்சிட்டு மொதல் வேலை ஏன் ஆகலன்னு உக்காந்து அழுவாங்க.

கனத்துக்கு நம்மூர்ல பஞ்சமா? குப்பம் கிரானைட்டு எந்தெந்த ஊருக்கோ போயிகினு இருக்குது. கருங்கல் ஒரு கன மீட்டரு 2,700 கிலோ கிட்ட இருக்கும். செங்கல் 1,900-த்தைத் தொடறதே பெரிய பாடு. கனமான செவுத்தை சத்தத்தால சுளுவா ஆட்ட முடியாது, அதான் சூட்சுமம். மிருதங்கத்துக்கு எடது பக்கத்துல ரவை பூசறாங்களே, எதுக்கு? தோலுக்குக் கனம் ஏறினா மெதுவா ஆடும், சத்தம் கீழ எறங்கும். வலது பக்கத்துக் கறுப்புக் கரணை தோல் ஆடறதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டாருதுன்னு சி.வி. ராமன் 1920லயே எழுதி வச்சிட்டாரு. 9 இஞ்சி செங்கல் செவுரு, ரெண்டு பக்கமும் பூசினது, ஏறக்குறைய 50 டெசிபல் நிறுத்தும். அப்படின்னா 18 இஞ்சி கட்டினா 100 நிறுத்தும்னு நீ கணக்குப் போடாத. மேஸ்திரி போடுவான், அவனுக்கு அதுல லாபம் இருக்குது. கனத்தை ரெண்டு மடங்காக்கினா மேல கெடைக்கறது 5, 6 டெசிபல்தான்.

கல்லு செவுரு சரி. ஆனா நீ புடிச்சிருக்கறது புழு மனையாச்சே! புழுவுக்குக் காத்து வேணும்னு எங்கப்பா எதிரெதிரா ஜன்னல் வச்சி, ஜன்னலுக்கு மேல ஒரு துவாரம், கீழ ஒரு துவாரம்னு பாத்துப் பாத்துக் கட்டினாரு. ஊஜி ஈ வராம இருக்க நைலான் வலை. வலை ஈயை நிறுத்திச்சி, பாட்டை நிறுத்துமா? மேல சிமெண்ட் சீட்டு வேற. செவுத்துல மாட்டிக்காத சத்தமெல்லாம் கூரை வழியாக் கெளம்பிடும். ஊர்லயே நல்லாக் காத்தோடற கட்டடமாப் பாத்துப் புடிச்சி அதை சவுண்ட் ப்ரூஃப் பண்ணணும்னு தோணுதே, அதுக்குப் பெரிய படிப்பு படிச்சிருக்கணும்.

ஒரு கணக்கு சொல்றேன். 12 அடிக்கு 10 அடி செவுரு, 120 சதுர அடி. அதுல 3 அடி அகலத்துல ஒரு கதவு. கதவுக்கடியில அரை இஞ்சி சந்து. அந்தச் சந்து மொத்தச் செவுத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான். ஆனா 50 நிறுத்த வேண்டிய செவுரு அந்த ஒரு சந்தால 30-க்கு மேல நிறுத்தாது. உள்ள பொள்ளலா இருக்கற பிளைவுட் கதவு போட்டா இன்னும் விசேஷம், கதவே 20-க்குப் பக்கத்துலதான் நிக்கும். அதனால ஜன்னலையெல்லாம் கல்லு வச்சி அடைச்சிடு. சீட்டை எடுத்துட்டு காங்கிரீட்டு போடு. கதவு கெட்டி மரத்துல, நாலு பக்கமும் ரப்பர் பீடிங், சாத்தினா அழுந்தணும், கீழ வாசப்படி இருக்கணும். ஒண்ணு போதாது, நடுவுல ஒரு முழம் விட்டு ரெண்டு கதவு. ரெண்டு கதவாச் சாத்திகினு உள்ள என்னடா பண்றான்னு ஊர் கேக்கும், நான் பதில் சொல்லிக்கறேன்.

இவ்வளவு செஞ்சும் தவில் வெளிய கேக்கும். கீழ்ஸ்தாயி சத்தம் காத்துல மட்டும் போறதில்ல. தரையில எறங்கி, செவுத்துல ஏறி, கட்டடத்து வழியாவே போயிடும். அதை நிறுத்தணும்னா ரூமுக்குள்ள ரூம் கட்டணும். உள்ரூம் தரை ரப்பர் மேல உக்காரணும். உள்செவுரு வெளிச்செவுத்தை எங்கயும் தொடக்கூடாது. நடுச்சந்துல கிளாஸ்வுல், உள்பக்கம் ஜிப்சம் போர்டு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு. எலக்ட்ரீசியன் ஒரு நீட்டு ஆணிய அடிச்சி ரெண்டு செவுத்தையும் சேத்துட்டான்னா அந்த ஆணி வழியாவே கச்சேரி கெளம்பிடும். அவன் வேலை செய்யறப்போ லேப்டாப்பை மூடிட்டுப் பக்கத்துலயே நில்லு. "வொர்க் ஃபிரம் ஹோம்"ன்னா அதுதான்.

எல்லா ஓட்டையும் அடைச்சாச்சி. மூச்சுக்கு? ஏசி இருக்குதுங்கற. ஸ்பிளிட் ஏசி உள்ள இருக்கற காத்தையே சுத்திச் சுத்திக் குளிர வைக்கும்டா, புதுக்காத்து கொண்டாராது. ரெண்டு மணி நேரம் உக்காந்தா ராகம் நல்லா இருக்கறதால கண்ணு சொக்குதா, காத்து இல்லாததால சொக்குதான்னு உனக்கே தெரியாது. புழுவுக்கே நாங்க புதுக்காத்து குடுத்தோம். பெட்டி மாதிரி ஒரு காத்துவழி செஞ்சி, உள்ள கிளாஸ்வுல் ஒட்டி, நேரா விடாம ரெண்டு மூணு தடவை மடக்கி விடு. வழி அகலமா இருக்கணும், ஃபேன் மெதுவா சுத்தணும். காத்து வளைஞ்சி வந்துடும். சத்தம் ஒவ்வொரு வளைவுலயும் பஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா செத்துடும்.

அந்த மனையில நான் கேட்ட நல்ல சத்தம் ஒண்ணு இருக்குது. கடைசிப் பருவத்துல, ராத்திரியில, தட்டுத் தட்டா புழு எலை தின்னும். ஓட்டு மேல தூறல் போடற மாதிரி இருக்கும். கையில லாந்தரோட நின்னு கேட்டுகினே இருப்பேன். அதுக்கு ஆம்ப்ளிபயரும் இல்ல, ஒயரும் இல்ல. சரி, உனக்கு எதுக்கு அந்தக் கதை.

இப்போ உள்வேலைக்கு வா. 12-க்கு 12, ஒசரமும் 12 வச்சிடலாம், பாக்க லட்சணமா இருக்கும்னு படம் போட்டிருக்க. கண்ணுக்கு லட்சணம், காதுக்குத் தொல்லை. 12 அடி இடைவெளியில 47 ஹெர்ட்ஸ் சத்தம் சரியாப் பொருந்தி நின்னுக்கும். மூணு பக்கமும் அதே அளவுன்னா மூணும் அதே சத்தத்தைத் தூக்கிப் புடிக்கும். எந்தப் பாட்டு போட்டாலும் அந்த ஒரு சுருதி மட்டும் தொம்முன்னு இடிக்கும். நீளம் 15, அகலம் 12, ஒசரம் 10-ன்னு வை. அப்போ அது 38, 47, 56-ன்னு பிரிஞ்சி நிக்கும். தொல்லை போகாது, பங்கு போட்டுக்கும். இந்தத் தொம்மு எல்லாம் மூலையிலதான் குமியும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒண்ணு 7 மீட்டர் நீளம், அதை ரெண்டு இஞ்சி ஸ்பாஞ்சு என்னா பண்ணும்? நாலு மூலையிலயும் தரையில இருந்து கூரை வரைக்கும் ராக்வுல்லை ஒரு அடி கனத்துக்கு அடுக்கு.

எவ்வளவு பஞ்சு வேணும்னு கேப்ப. அதுக்கு ஒரு கதை இருக்குது. 1895ல அமெரிக்காவுல ஹார்வர்டு காலேஜில ஃபாக் மியூசியத்து லெக்சர் ஹால்ல வாத்தியார் பேசினா, ஒரு சொல்லு அஞ்சரை செகண்டு உள்ளயே சுத்திகினு இருந்துச்சி. அதுக்குள்ள அடுத்தடுத்த சொல்லு வந்து அது மேல ஏறிக்கும். வாலஸ் சபைன்னு ஒரு சின்ன வயசு வாத்தியாரை சரி பண்ணச் சொன்னாங்க. அவரு பக்கத்துல சாண்டர்ஸ் தியேட்டர்ல இருந்த சீட்டு மெத்தைங்களை ராத்திரியில தூக்கியாந்து, ஒரு ஆர்கன் குழாய், ஒரு ஸ்டாப் வாட்ச், தன்னோட காது, இதை மட்டும் வச்சிகினு எத்தனை மெத்தை போட்டா எவ்வளவு நேரம் குறையுதுன்னு அளந்தாரு. காலையில மெத்தைங்களைப் பழைய எடத்துல வச்சிடணும். அதுல பொறந்த கணக்கைத்தான் இன்னைக்கும் போடறாங்க. அவரு யோசனையில கட்டின பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900ல தொறந்தது, இன்னும் பேரோட இருக்குது.

அதே கணக்குல உன் ரூமுக்குப் பாத்தா, உள்பரப்பு மொத்தம் 900 சதுர அடி. பாட்டு கேக்கற சின்ன ரூமுல சத்தம் 0.3-ல இருந்து 0.4 செகண்டுல அடங்கினா நல்லது. அதுக்கு 250 சதுர அடி கிட்ட நல்ல பஞ்சு இருந்தாப் போதும். மீதிச் செவுத்தை சும்மா விடு, புஸ்தக அலமாரி வை. ஆசையில முழுக்க மூடினின்னா பாட்டு செத்துப்போயி, உன் வயித்து இரைச்சல்தான் உனக்குக் கேக்கும். ராக்வுல் வெலை ஜாஸ்தின்னு தோணினா என் பரண்ல இலவம்பஞ்சு மெத்தைங்க இருக்குது. சபைனே மெத்தையிலதான் ஆரம்பிச்சாரு. உனக்குன்னா வெலை பாத்துப் போட்டுத் தரேன், பீடி மட்டும் உள்ள கொண்டு போகாத.

பஞ்சை எங்க வைக்கறதுங்கறதுக்கு ஒரு கண்ணாடி போதும். நீ நாற்காலியில உக்காரு. உன் பையனை செவுத்தோரமா கண்ணாடிய நகத்திகினே போகச் சொல்லு. நாற்காலியில இருந்து கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் எங்க தெரியுதோ, அங்கதான் மொதல்ல பஞ்சு. நடுவுல உன் மொகம் தெரிஞ்சா முடியக் கோதிகினு நிக்காத, பையனுக்குக் கை வலிக்கும். தரைக்கு பாலிஷ் கிரானைட்டு போட்டு ஊருக்குக் காட்டணும்னா மேல தடியா ஜமக்காளம் விரிச்சி மறைச்சிடு. வளைஞ்ச கூரை வேணாம். விஜயபுரத்து கோல்கும்பஸ் குவிமாடத்துல ஒரு பக்கம் கிசுகிசுத்தா எதிர்ப்பக்கம் கேக்கும், தட்டின கை திரும்பத் திரும்பக் கேக்கும். அது சுல்தான் கல்லறை. அவருக்குப் பாட்டு கேக்கற அவசியம் இல்ல.

ஏ.ஆர். ரகுமான் 1989ல கோடம்பாக்கத்துல வீட்டுக்குப் பின்னால ஸ்டூடியோ கட்டலயான்னு உன் பொண்டாட்டிகிட்ட கேட்டியாமே. கட்டினாரு. 1992ல அதுல இருந்து ரோஜா வந்துச்சி. உன் ரூமுல இருந்து என்னா வரும்? நீதான் வரணும், சாப்பாட்டுக்கு.

கடைசியா ஒண்ணு, இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். கவுண்டின்யா காட்டுல இருந்து யானை எறங்கற ஊர்டா இது. ராத்திரியில தகர டின்னைத் தட்டி, பட்டாசு கொளுத்தி, ஊரே தொண்ட கிழியக் கத்தும். நீ ரெண்டு கதவுக்குள்ள, ரப்பர் மேல, நாதஸ்வரத்துக்குத் தலையாட்டிகினு இருப்ப. ரேடியோ ஸ்டேசன்ல உள்ள யாரும் வராதீங்கன்னு வாசல்ல சிவப்பு லைட்டு வைப்பாங்க. நீ அதைத் திருப்பி வை: சுவிட்சு வெளிய, லைட்டு உள்ள. அந்த சுவிட்சு எங்கங்கறதுதான் பேச்சு. தெருப்பக்கம் வச்சா வர்றவன் போறவனெல்லாம் அழுத்துவான். சமையக்கட்டுல வச்சா உன் பொண்டாட்டி யானை வந்தாலும் அழுத்துவா, கேஸ் தீந்தாலும் அழுத்துவா. எதுக்குன்னு நீ வெளிய வந்து பாத்தாத்தான் தெரியும். என் கட்டிலு பக்கத்துல வச்சிடு. நான் யானைக்கு மட்டும்தான் அழுத்துவேன். அப்புறம் காபிக்கு.