பதில் நாளைக்கு

பந்தியில் சாம்பார் முடிந்து, ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் ஆரம்பிப்பார். பக்கத்து இலையிலிருந்து ஒரு முழங்கை மெதுவாக இடிக்கும்.

"சார், சூப்பர்மேனை உருவாக்கின எழுத்தாளர் நம்ம ஹீரோ ஒருத்தருக்கும் கதை எழுதியிருக்கார். யாருக்கு?"

நேரம் பார்த்துக் கேட்ட கேள்வி. பாயசம் வருவதற்கு முன் எழுந்தால் பெண் வீட்டார் மனசு நோகும், மடக்கிய இலையைத் தாண்டி நடக்கவும் இடம் கிடையாது. க்விஸ் சார் கேள்வி கேட்கிற இடங்களைக் கொஞ்சம் கவனித்தால் சூட்சுமம் புரிந்துவிடும். பாதிச் சவரத்தில் சலூன் நாற்காலி, பல் பிடுங்கக் காத்திருக்கிற பெஞ்சு, மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம். எதிராளி எழுந்து போக முடியாத இடமாக இருந்தால் போதும்.

'நம்ம ஹீரோ' என்று அவர் சொல்வது சினிமாக்காரர்களை அல்ல. சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் தமிழ் பேச வைத்த ஆசாமிகளை. அவர்களில் ஒருவர் இங்கிலாந்து, ஒருவர் இத்தாலி, ஒருவர் பெல்ஜியம். க்விஸ் சாரைப் பொறுத்தவரை எல்லோருக்கும் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம்தான்.

"தெரியலையே சார்" என்று சொன்னால் ஆளை விட்டுவிடுவார் என்று நினைப்பது அனுபவமில்லாதவர்கள் செய்கிற தப்பு. அவருக்கு 'தெரியலை' என்பது பச்சைக்கொடி. முகம் மலர்ந்துவிடும். ரசத்தை அப்படியே விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பி உட்காருவார்.

"க்ளூ தரட்டுமா?"

வேண்டாம் என்றாலும் தருவார். ஊரில் க்ளூ கொடுத்தால் ஆளைப் பதிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இவருடைய க்ளூ கையைப் பிடித்து மூன்று தெரு தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், விலாசம் தெரியாத வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்துவிடும்.

"கதை வெளியானது லண்டன்ல. நடக்கிறது நியூயார்க்ல." இது முதல் க்ளூ. பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்குகிறார். ஒன்றும் ஓடவில்லை.

"முதல்ல வில்லன். அப்புறம்தான் நல்லவனா மாறுறார்."

அப்பளம் நின்றுவிடுகிறது. எங்கோ ஒரு வாடகை நூல் நிலையம், அட்டை கிழிந்த ஒரு புத்தகம், கோடை விடுமுறை. பக்கத்து இலைக்காரருக்கு நாற்பது வருடம் கழன்று விழுகிறது. "இரும்புக்கை மாயாவி!" என்று கத்தியேவிடுகிறார். எதிர் வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

க்விஸ் சார் காத்திருந்தது இதற்குத்தான். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்பார், பரம திருப்தியோடு. மாயாவியும் ஆரம்பத்தில் கெட்டவன்தான் என்பதை ஒத்துக்கொள்வார். 1962-ல் 'வேலியண்ட்' என்ற லண்டன் வார இதழில் அவர் அறிமுகமானது, லூயிஸ் கிராண்டேல் என்கிற அந்த ஆய்வக உதவியாளர் விபத்தில் வலது கையை இழந்தது, மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கை மட்டும் தெரிய மற்றதெல்லாம் மறைவது, அந்தச் சக்தியை வைத்து முதலில் திருடப் போனது எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் மோர் வந்து போய்விடும். "ஆனா அவர் இல்ல."

இதைத்தான் கவனிக்க வேண்டும். ஆளை வழிதவற வைப்பதற்கென்றே பொறுக்கி எடுத்த க்ளூ அது. பொய்யும் இல்லை.

மூன்றாவது க்ளூ கை கழுவுகிற இடத்தில் கிடைக்கும். "ரெண்டு உதவியாளர். ஒருத்தர் இரும்புப் பெட்டி உடைக்கிறதுல கில்லாடி, இன்னொருத்தர் புரொபசர்." இதற்குள் பக்கத்து இலைக்காரருக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும் என்ற வெறி வந்திருக்கும். "தோத்துட்டேன் சார், நீங்களே சொல்லிடுங்க" என்பார், ஈரக் கையோடு.

"அவசரப்படாதீங்க. ராத்திரி யோசிங்க. பதில் நாளைக்கு."

நாளைக்கு அவர் எங்கே, இவர் எங்கே? இவர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம், அன்று மாலையே தேனிக்கு பஸ் ஏறுகிறவர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின்தான் கைபேசி ஞாபகம் வரும், அதில் பார்த்திருக்கலாமே என்று. பந்தியில் ஏன் பார்க்கவில்லை? ஏனென்றால், "போன்ல பார்க்கக் கூடாது, அது ஆட்டம் இல்ல" என்று க்விஸ் சார் முதலிலேயே சொல்லிவிட்டார். வருமான வரி கட்டுகிற, பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் உள்ளவர்கள், நாலாங்கிளாஸ் பையன்களைப் போல இந்த உத்தரவுக்கு அடிபணிந்து கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அது எப்படி என்பது கேள்விக்கெல்லாம் மேலான புதிர்.

மற்றபடி அவரிடம் உள்ள வழக்கங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போடுவார், இரவல் தரமாட்டார். தெருவில் ஒருவர் தன் நாய்க்கு டெவில் என்று பெயர் வைத்ததற்காக அவரை வழிமறித்து, வேதாளரின் டெவில் நாய் அல்ல, ஓநாய் என்று விளக்கினார். நாய் குரைத்தது.

டீக்கடையில் சிகரெட்டை வாயில் வைத்துத் தீக்குச்சி உரசப்போன ஓர் இளைஞனிடம், "லக்கி லூக் 1983-லயே சிகரெட்டை விட்டாச்சு. அதுக்கு அப்புறம் வாயில என்ன வெச்சுக்கிட்டார்?" என்று கேட்டார். விடை வைக்கோல் துரும்பு. விடை வருவதற்குள் தீக்குச்சி விரலைச் சுட்டுவிட்டது. மின்கம்பத்தில் ஃபியூஸ் போட ஏறியவரிடம், "ஷாக் அடிச்சா என்ன ஆகும்?" என்று கீழேயிருந்து ஆசையோடு கேட்டார். மாயாவி ஞாபகத்தில் அவர் எதிர்பார்த்த பதில் வேறு. மேலேயிருந்து வந்த பதில்: "செத்துடுவோம் சார், தள்ளி நில்லுங்க."

ஒரே ஒரு முறைதான் அவர் பேச்சற்று நின்றார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரிடம், வாளியில் கலவையைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம், "பச்சை மனுஷன் ஹல்க் இருக்காரே, 1962-ல முதல் இதழ்ல வந்தப்ப என்ன கலர் தெரியுமா?" என்றார். அவருக்குத் தெரியவில்லை. அபூர்வமாக க்விஸ் சார் தானே சொல்லிவிட்டார்: சாம்பல். ரெண்டாவது இதழிலிருந்து பச்சை. "ஏன் மாத்தினாங்க? க்ளூ தரட்டுமா?"

பெயிண்டர் கலக்குவதை நிறுத்தவில்லை. "சாம்பல் ஒரே மாதிரி வராது சார். ஒரு செவுத்துக்கும் இன்னொரு செவுத்துக்கும் ஷேட் அடிக்கும். அவங்களுக்கும் பக்கத்துக்குப் பக்கம் மாறியிருக்கும்."

அதுதான் காரணம். அந்தக் காலத்து அச்சில் சாம்பல் நிறம் சீராக விழவில்லை என்று நிறத்தை மாற்றினார்கள். வருடக்கணக்கில் எத்தனையோ பேரைக் கேட்டதில், காமிக்ஸ் படிக்காத ஒருவர் வாளியைப் பார்த்தே சொல்லிவிட்டார். க்விஸ் சார் அன்று மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சுவரையும் சாம்பல் அடிக்கவில்லை.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று யோசித்தால் கோபம் கொஞ்சம் இறங்குகிறது. மாயாவி கதைகள் வந்த பிரிட்டிஷ் வார இதழ்களில், எழுதியவர் வரைந்தவர் பெயர்களை அச்சிடும் வழக்கமே பொதுவாகக் கிடையாது. 1977-ல் தொடங்கிய '2000 ஏடி' என்ற இதழ்தான் அதை வழக்கமாக்கியது. ஆக, இங்கே நூல் நிலைய வாசலில் உட்கார்ந்து படித்த ஒரு பையனுக்கு, அந்த நிழலையும் அந்த விரல்களையும் தீட்டிய மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற பெயர் அவருக்குக் கிடைத்தபோது தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அத்தனை வருடமும் அவருக்கு யாரும் க்ளூ தரவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் சிரித்து மன்னிக்க முடியாது. சென்ற வருடம் ஓர் இழவு வீட்டில், எடுப்பதற்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முகமூடி வேதாளருக்குச் சாவே கிடையாதும்பாங்க. ஆனா இப்ப இருக்கிறது எத்தனாவது தலைமுறை?" என்று கேட்டார். இருபத்தொன்று என்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தெரியாத மௌனம் இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி க்ளூ கொடுத்தார். செத்துப்போனவரின் மகன் எழுந்து வெளியே போனான். அன்று யாராவது அவரைக் கையைப் பிடித்து எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. அது எல்லோருடைய தப்பும்தான்.

அவரைத் தோற்கடித்தது ஒரு பத்து வயதுப் பையன், ஒரு பிறந்தநாள் விழாவில். அவர் கேட்ட கேள்வியை அவன் காதில் வாங்கவே இல்லை. "அங்கிள், கோகுவோட நிஜப் பேர் என்ன?" என்றான். கோகு யார் என்றே அவருக்குத் தெரியாது. ஆனாலும் தோரணை குறையாமல், "க்ளூ குடு" என்றார்.

"எதுக்கு? காகரோட்" என்று சொல்லிவிட்டு கேக் வெட்டுகிற இடத்துக்கு ஓடிவிட்டான்.

தோற்றதில் அவருக்கு வருத்தமில்லை. "உடனே சொல்லிட்டானே, உடனே சொல்லிட்டானே" என்றுதான் விழா முடியும்வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

தேனிக்காரர் நேற்றுகூட போன் செய்து கேட்டாராம். க்விஸ் சார் நாலாவது க்ளூவை மட்டும் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார்: "அந்த லண்டன் பத்திரிகை பேரும் நம்ம சிவகாசிப் பத்திரிகை பேரும் ஒண்ணு." இந்தக் கட்டுரையும் அப்படியே முடிந்தால் அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சூப்பர்மேனை ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து உருவாக்கி, 1938-ல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தவர் ஜெர்ரி சீகல். 1960-களின் நடுவில் அவர் லண்டன் 'லயன்' வார இதழுக்கு, பெயர்கூட அச்சாகாத பக்கங்களுக்குக் கதை எழுதினார். நாயகன், கறுப்பு உடையும் கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியுமாக வந்த குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர். தேனிப் பக்கம் யாராவது இதைப் படித்தால் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.