எதற்கும் இருக்கட்டும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததிலிருந்து ஒரு மாதத்துக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டுப் படியேறினாலும், தண்ணீர்ச் சொம்புக்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "மேல என்ன பண்ணப்போற?" கேட்பவருக்குப் பதிலில் பெரிய அக்கறை கிடையாது. உள்ளே காபி கலந்து முடிக்கும்வரை பையனைப் பேசவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பதில் சின்னதாக இருக்க வேண்டும். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகி, கோவில்பட்டி – திருநெல்வேலி பஸ்ஸில் பின்படிக்கட்டு ஓரத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்து விசில் ஊத வேண்டும் என்ற என் அசல் லட்சியம் அதற்குள் அடங்காது. காபி ஆறிவிடும். கலெக்டர் என்று சொல்லிவைத்தேன். இது 1993-இல்.

கலெக்டரில் ஒரு வசதி உண்டு. டாக்டர் என்றால் "பயாலஜில எவ்வளவு?" என்பார்கள். இன்ஜினியர் என்றால் "கணக்குல எவ்வளவு?" கலெக்டர் என்றால் அடுத்து என்ன கேட்பதென்று யாருக்கும் தெரியாது. "நல்லா வா" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

கனவு காணும் பயிற்சியைத் தமிழ்த் தேர்வே எங்களுக்குக் கொடுத்திருந்தது. 'நான் முதலமைச்சரானால்' என்ற கட்டுரையை எழுதாமல் யாரும் பள்ளிக்கூடத்தைக் கடந்துவிட முடியாது. முன்னுரை, நதிகள் இணைப்பு, வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிப்பு, முடிவுரை. வகுப்பு முழுவதும் ஒரே நோட்ஸைப் படித்ததால் அத்தனை முதலமைச்சர்களும் ஒரே வரிசையில் நாட்டைத் திருத்தினோம். ஒருத்தன் மட்டும் முடிவுரைக்கு நேரமில்லாமல் நதிகளைப் பாதியில் விட்டுவிட்டான். அவனுக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று.

மின்வாரியத்தில் இருந்த என் மாமா கனவெல்லாம் காண்பதில்லை. அவருக்கு கட்-ஆஃப்தான். பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு 1984-இல் வந்த நுழைவுத்தேர்வு அப்போது வீட்டுக்கு வீடு ஒரு கணித மேதையை உருவாக்கியிருந்தது. ப்ளஸ் டூ கணக்கு மதிப்பெண்ணை நூறுக்குச் சுருக்கி, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்குச் சுருக்கி, நுழைவுத்தேர்வின் நூறைக் கூட்டினால் மொத்தம் 300. மாமா ஒரு பழைய மின்கட்டண ரசீதின் முதுகில் இந்தக் கணக்கைப் போட்டு எனக்கு 281.66 வரும் என்று முடிவு கட்டினார். பிறகு முகம் சுருங்கிவிட்டது. "இன்னொரு புள்ளி முப்பத்தி நாலு எடுத்திருந்தா 282 ஆயிருக்குமே மருமகனே, எங்க விட்ட?" நான் ப்ளஸ் ஒன்னில் சேர இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்தப் புள்ளி முப்பத்தி நாலை மீட்கத்தான் டைம் டேபிள் போட உட்கார்ந்தேன். வாழ்நாளில் இத்தனை சிரத்தையோடு வேறு எதையும் செய்ததில்லை. முழு சார்ட் பேப்பர். கணக்குக்குச் சிவப்பு, இயற்பியலுக்கு நீலம், வேதியியலுக்குப் பச்சை, தாவரவியலுக்கு ஏற்கெனவே பச்சை தீர்ந்துவிட்டதால் ஊதா. சுற்றிலும் கொடி ஓடும் பார்டர். காலை நான்கு மணிக்கு எழுவது என்ற வரிக்கு மட்டும் தங்க நிற ஜிகினா. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். சுவரில் ஒட்டியதை நெருங்கி நின்று பார்த்தார். அழகை ரசிக்கிறார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஓரத்தில் கூட்டிப்போட்டார்.

"இருபத்தஞ்சரை மணி நேரம் வருது. இதுல நீ குளிக்கல."

திருத்தி எழுதினேன். இனி ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் எனக்குள் இருந்த ஆசாரசீலன் கண்விழித்தான். ஆடி மாதத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாதே என்று ஆவணிக்குத் தள்ளினேன். ஆவணியில் பிள்ளையாரை வணங்கிவிட்டுத் தொடங்குவது முறை. வணங்கி முடித்தால் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. தேர்வு நேரத்தில் நிம்மதியாகப் படிக்க எங்கே முடிகிறது? சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைச் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியாயிற்று, தொட்டால் பாவம். விஜயதசமி தொடங்குவதற்கென்றே உள்ள நாள், அதனால் அன்று தொடங்கினேன். மறுநாள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய்விட்டோம். அப்புறம் அடைமழை, கரண்ட் இல்லை. மார்கழி நல்ல காரியங்களுக்கு ஆகாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருந்தேன். நம்முடைய பஞ்சாங்கத்தைச் சரியாகப் படித்தவனுக்கு ப்ளஸ் ஒன் பாடம் படிக்க ஆண்டில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

என் டைம் டேபிள் இப்படிச் சுவரில் வெளுத்துக்கொண்டிருக்க, அப்பா சத்தமில்லாமல் வேறொரு திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். அதில் லட்சியம் என்ற சொல்லே கிடையாது. "எதுக்கும் இருக்கட்டும்" என்பதுதான் மொத்தக் கொள்கையும். எதுக்கும் இருக்கட்டும், டைப்ரைட்டிங் லோயர் முடிச்சிரு. எதுக்கும் இருக்கட்டும், எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வை. கலெக்டர் ஆகப்போகிறவனுக்கு டைப்ரைட்டிங் எதற்கு என்று கேட்டேன். "டைப்பிஸ்ட் லீவு போட்டா?" என்றார்.

மளிகைக் கடை மாடியில் இருந்தது அந்த இன்ஸ்டிடியூட். பத்துப் பதினைந்து மிஷின்கள் ஒரே சமயத்தில் அடிக்கும்போது கீழே கடைக்காரர் துவரம்பருப்பா உளுந்தா என்று சைகையில்தான் கேட்பார். புதிதாக வருகிறவனுக்கு எழுத்தெல்லாம் தேய்ந்த மிஷினைக் கொடுப்பார்கள். சாவிகளைப் பார்க்காமல் பழக வேண்டுமாம். இடது கைச் சுண்டுவிரலால் 'ஏ' அடிக்கிறபோது விரல் சந்துக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. ஒரே தாளில் இரண்டு பக்கமும் இதையே அடித்து, அது கறுத்து, எழுத்து தெரியாமல் போனபின்பும் அடிக்க வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் பள்ளியில் படித்த எங்களுக்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரே உயர்கல்வி நிறுவனம் அதுதான். நான்கு மணிக்கு எழ முடியாத நான் காலை ஆறு மணி பேட்ச்சுக்கு ஐந்தே முக்காலுக்கே தலை சீவி நின்றேன். ஹையரும் முடித்தேன்.

வேலைவாய்ப்பு அலுவலகம் தூத்துக்குடியில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் அப்பா திங்கட்கிழமையே கிளம்பச் சொன்னார். புதன்கிழமை போனோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். என் பிறந்த நாளை மறந்த வருடங்கள் உண்டு, புதுப்பிக்கும் தேதியை அப்பா மறந்ததில்லை. கல்லூரி முடித்து மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் புதுப்பித்தார். "வேலைதான் கிடைச்சிருச்சேப்பா" என்றால், "சீனியாரிட்டி?" என்பார்.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' வந்தபோது, இவருக்கு ஒரு பாடம் நடத்தலாம் என்று வாங்கிக் கொடுத்தேன். நாடே அதைக் கனவு காண்பது பற்றிய புத்தகமாகப் படித்துக்கொண்டிருந்தது. அப்பா கணக்குப் புத்தகத்தைப் போலப் படித்தார். கலாமுக்கு விமானி ஆகத்தான் ஆசை. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், இடங்கள் எட்டு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அப்பா விரல் வைத்த இடம் வேறு. டேராடூன் போகிற வழியில் டெல்லியில் இன்னொரு நேர்காணலுக்கும் அவர் போயிருக்கிறார். அந்த வேலைதான், 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில், அவருக்குக் கிடைத்தது. "பாத்தியா," என்றார் அப்பா, "அவரும் எதுக்கும் இருக்கட்டும்னு போயிருக்கார்." புத்தகத்தை மூடி அலமாரியில் என் எம்ப்ளாய்மெண்ட் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

எனக்குக் கல்யாணமாகி, முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஓர் அரசு நிறுவனத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்தது. போகவேண்டாம் என்று சொல்ல வீட்டில் எனக்கு ஓட்டில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் என் வகுப்பே உட்கார்ந்திருந்தது. டாக்டர் என்று சொல்லிவைத்தவன் உரக்கடை வைத்திருந்தான். பைலட், தீப்பெட்டி ஏஜென்சி. எல்லோர் மடியிலும் பிளாஸ்டிக் கவரில் ஒரிஜினல் சர்டிபிகேட். சொந்த விருப்பத்தில் வந்தவன் ஒருவனும் இல்லை. அத்தனை பேரையும் அவரவர் அப்பா அனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு பேரை ஒரே நிலையில் வைத்து யோசித்துவிட்டு, மூப்பு பார்த்து உரக்கடைக்காரனை எடுத்துக்கொண்டார்கள். அவன் திங்கட்கிழமை பதிந்தவன்.

ஊருக்கு வந்து சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி அம்மாவிடம், "ரெண்டே நாளு" என்றார். "நான் கூப்பிட்டுக்கிட்டே நிக்கேன், இவன் அந்தச் சார்ட்டுக்கு பார்டர் போட்டுட்டு வாரேன்னான்."