தம்புராவை இரைச்சல் என்று எண்ணும் கணினி

கேள்வி: மகள் பெங்களூரில் இருந்தபடியே சென்னை வித்வானிடம் ஆன்லைனில் பாட்டு கற்கிறாள். தம்புரா முதலில் கேட்கிறது, பிறகு காணாமல் போய்விடுகிறது என்கிறார் அவர். எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்குப் போய் நல்ல மைக் வாங்கிவிடட்டுமா? (வாசகி, மல்லேஸ்வரம்)

பதில்: பர்ஸை மூடுங்கள். உங்கள் மைக் தம்புராவைச் சரியாகவே கேட்கிறது. கேட்டதை ஆடியோ டிரைவர் என்ற மென்பொருள் வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறது. மடிக்கணினிகள் பலவற்றின் டிரைவரில் 'நாய்ஸ் சப்ரஷன்' என்ற வேலை நம்மைக் கேட்காமலே நடக்கிறது. பேச்சு நொடிக்கு நொடி மாறும், மின்விசிறியும் ஏசியும் மாறாமல் ஒலிக்கும். ஆகவே மாறாமல் ஒலிப்பது எதுவோ அதைக் கழித்துவிடு என்பதுதான் அதன் கணக்கு. ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் மாறாமல் ஒலிப்பதற்கென்றே பிறந்த வாத்தியம் தம்புரா! சில நொடிகள் கேட்டுவிட்டு, இதுவும் விசிறிதான் என்று டிரைவர் முடிவு கட்டுகிறது. "முதலில் கேட்டது, பிறகு காணோம்" என்று வித்வான் சொன்னதே போதுமான சாட்சி. மைக்கில் பழுதென்றால் முதல் நொடியிலேயே கேட்டிருக்காது. நீண்ட கார்வைகள் பாதியில் தேய்ந்தால் அதற்கும் இதையே முதலில் சந்தேகியுங்கள்.

போவது ஏதோ பின்னணி ஓசைதானே என்று விட்டுவிட முடியாது. சி.வி. ராமன் 1921-லேயே தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து எழுதினார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அதைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது பழைய விதி. இந்த இரண்டு வாத்தியங்களில் தந்திகளைத் தாங்கும் வளைந்த குதிரையால், எழக்கூடாத அந்த மேற்சுரங்களும் எழுகின்றன என்று அவர் காட்டினார். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் தானாகவே கேட்கும் அந்தர காந்தாரத்தை வித்வான்கள் ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். இதைக் கேட்டுத்தான் ஒரு குழந்தையின் காது பழகுகிறது. 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக ராமன் வந்து சேர்ந்த ஊர் உங்கள் ஊர். அங்கிருந்து போகும் தம்புராவை ஒரு டிரைவர் அழிக்க விடலாமா?

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் 'ஆஃப்' செய்யுங்கள். அதே சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும். அதில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியைப் பாருங்கள். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80% குறைக்கும்படி அங்கே முன்கூட்டியே வைத்திருப்பார்கள். கணினியிலேயே தம்புரா செயலியை ஓடவிடுகிறவர்கள் அதை 'டு நத்திங்' என்று மாற்ற வேண்டும். ஜூம் தன் பங்குக்குத் தனியாக வடிகட்டும். அதில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' வசதியை இயக்குங்கள்.

கேள்வி: சிப் செய்தவர்களும் டிரைவர் எழுதியவர்களும் விவரம் தெரியாதவர்களா? அவர்கள் வைத்ததில் நாம் ஏன் கை வைக்க வேண்டும்? (வாசகர், இந்திராநகர்)

பதில்: நன்றாகவே தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் தீர்க்க உட்கார்ந்தது பேச்சின் பிரச்சினையை. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தியது. பேச்சு புரிய அது போதும். சொல் புரிந்தால் சரி என்ற அந்த அளவுகோல்தான் இன்றைய மீட்டிங் மென்பொருள்வரை தொடர்கிறது. பெரும்பாலோர் பேசத்தான் கணினியைத் திறக்கிறார்கள் என்பதால் அந்த இயல்புநிலையைத் தவறு என்று சொல்லமாட்டேன். அணைக்கும் வழியை நாலு பக்கத்துக்கு உள்ளே ஒளித்து வைப்பதுதான் தவறு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் வந்ததிலிருந்து சிப் வடிவமைப்பு வேரூன்றிய நகரம் பெங்களூரு. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக் கச்சேரி நடப்பதும் இதே நகரத்தில்தான். இரண்டும் தெரிந்த பொறியாளர்கள் இங்கே ஏராளம். 'இசை' என்றொரு பொத்தானை முதல் பக்கத்தில் வைக்க அவர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: வடிகட்டியை அணைத்தால் அவுட்டர் ரிங் ரோடு முழுவதும் வகுப்புக்கு வந்துவிடாதா? (வாசகர், மாரத்தஹள்ளி)

பதில்: கொஞ்சம் வரும். அதற்கு மருந்து தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். தெருவின் ஓசை இருந்த இடத்திலேயே நிற்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி உட்காருங்கள்; மைக்கின் முதுகு தெருப் பக்கம் திரும்பிவிடும். எதிரொலி நீக்கியும் சேர்ந்து அணையலாம்; அப்போது ஆசிரியரின் குரல் உங்கள் ஸ்பீக்கர் வழியே அவருக்கே திரும்பிப் போகும். ஆகவே ஹெட்போன் கட்டாயம்.

கேள்வி: டிரைவரில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதை வைத்தால் சுகமாகக் கேட்குமா? (வாசகர், அல்சூர்)

பதில்: கேட்காது. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு சிடியின் நொடிக்கு 44,100 மாதிரிகளே போதும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மேயரும் மொரானும் பாஸ்டனில் உயர்தர ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை கேட்கவைத்துப் பார்த்தார்கள். எது எது என்று சரியாகச் சொன்னது பாதிக்குப் பாதிதான். கூட்டுவதில் பலனில்லை, கழித்துக்கொண்டிருப்பதை நிறுத்துவதில்தான் பலன்.

மேலே சொன்ன அமைப்புகளை மாற்றியபின் மறுமுனையில் உள்ளவரிடம் தம்புராவை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். டிரைவர் புதுப்பிக்கப்படும்போது பழைய அமைப்பு திரும்பக்கூடும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அந்த சவுண்ட் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.