பேசாத படமும் பேசிய கமிட்டியும்

கேள்வி: மௌனப் பட காலத்தில் அமெரிக்கக் கிரைம் படங்கள் மெட்ராஸில் ஓடினவாமே? இங்கிலீஷ் தெரியாதவர்கள் என்ன செய்தார்கள்? – எல்டாம்ஸ் ரோடு வாசகர்

பதில்: திரையில் வந்த எழுத்தை உரக்கப் படித்துச் சொல்ல ஆள் இருந்தார். எட்டி போலோவின் அடிதடி சீரியல் என்றால் அவரும் தேவையில்லை. குத்துக்கு ஏது பாஷை?

கேள்வி: அதையெல்லாம் பார்த்து ஜனங்கள் கெட்டுப்போனார்களா, சார்? – சி.பி. ராமசாமி சாலை வாசகி

பதில்: அப்படித்தான் வெள்ளைக்காரர்கள் புலம்பினார்கள். 1927-ல் ஒரு விசாரணைக் கமிட்டியும் போட்டார்கள். தலைவர், மெட்ராஸ் வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். கமிட்டி ஊர் ஊராகப் போய் 353 பேரை விசாரித்தது. கவலை ஒழுக்கத்தைப் பற்றி மட்டுமல்ல, கல்லாவைப் பற்றியும்தான். இங்கே ஓடியதில் பெரும்பாலானவை ஹாலிவுட் படங்கள். அந்த இடத்தில் பிரிட்டிஷ் படங்களை உட்கார வைக்க ஆசை. 1928-ல் வந்த அறிக்கையோ, அமெரிக்கப் படம் அதிகமானால் ஆபத்து என்றால் மற்ற மேல்நாட்டுப் படங்களாலும் அதே ஆபத்துதானே என்று கேட்டுவிட்டது. வக்கீலிடம் கேஸ் கொடுத்தால் குறுக்கு விசாரணை நமக்கும் உண்டு! சர்க்கார் அறிக்கையைப் பத்திரமாகக் கிடப்பில் போட்டது.

கேள்வி: இன்றைக்குப் பார்க்கத் தகுந்த மௌன கிரைம் படம் ஒன்று சொல்லுங்களேன். – டி.டி.கே. சாலை வாசகர்

பதில்: ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க்கின் ‘அண்டர்வேர்ல்ட்’ (1927). ரவுடி, அவன் காதலி, குடியிலிருந்து அவன் மீட்டெடுத்த முன்னாள் வக்கீல். பிறகென்ன, ஸ்ரீதரின் முக்கோணக் காதல் படம்தான், கையில் துப்பாக்கியோடு. கதை எழுதிய பென் ஹெக்ட் சிகாகோவில் நிருபராக இருந்தவர். முதல் ஆஸ்கர் விழாவிலேயே கதைக்கான பரிசு வாங்கினார்.

கேள்வி: நாம் மட்டும் புராணம் எடுத்துக்கொண்டிருந்தோமே! – ஆழ்வார்பேட்டை வாசகர்

பதில்: கீழ்ப்பாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் எது? ‘கீசக வதம்’. வேலைக்கு வந்த பெண்ணிடம் வாலாட்டும் பெரிய இடத்து ஆள், ராத்திரி சந்திப்பு என்று ஒரு பொறி, இருட்டில் கொலை, கொலையாளி சமையல்காரன் வேஷத்தில் தலைமறைவு. இதைவிடக் கிரைம் வேண்டுமா? பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கேள்வி: எங்கள் பேட்டையின் பங்கு? – அதே வாசகர்

பதில்: விடமாட்டீர்களே! உங்கள் பேட்டைக்காரர் கமல், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் நடித்த ‘பேசும் படம்’ (1987). ஆள்கடத்தல் உண்டு, வசனம் கிடையாது. அதில் டினு ஆனந்த், தடயமே மிஞ்சாதபடி ஐஸ் கத்தியோடு கொல்ல அலைவார். கத்தி கரைந்துகொண்டே இருக்கும். பெங்களூரில் படமெடுத்ததால் அந்த மட்டுக்காவது தாக்குப்பிடித்தது. உங்கள் ஊர் மே மாதத்தில் உறையிலிருந்து எடுப்பதற்குள் தீர்த்தமாகியிருக்கும்.