தக்கவைப்புப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவரின் மருமகன்,
மயிலாடுதுறை.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர்,
வாடிக்கையாளர் தக்கவைப்புப் பிரிவு.
(நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எந்த அலுவலகத்தில் பிரித்தாலும் தமக்கே வந்ததாகக் கொள்ளலாம்.)

பொருள்: கேட்காமல் கிடைத்த போஸ்ட்பெய்டு இணைப்பைத் திருப்பி ஒப்படைத்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் நிறுவனத்திலிருந்து மதியம் இரண்டரை மணிக்கு வந்த தொலைபேசி அழைப்பு.

ஐயா,

முதலில் நன்றி சொல்ல வேண்டும். என் அத்தைக்கு வயது 74. அவரிடம் இருப்பது பட்டன் போன். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைத்துவிடலாம். நடுவில் மற்ற பட்டன்கள் எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அந்தக் கருவிக்குத் தாங்கள் மாதம் 75 ஜிபி டேட்டாவும், ஓடிடி சந்தாக்களும், வெளிநாட்டு ரோமிங்கில் தள்ளுபடியும் அருளியிருக்கிறீர்கள். ரோமிங் வைத்தீஸ்வரன்கோயில் வரை செல்லுமா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

தங்கள் பிரதிநிதியின் பண்பையும் பாராட்டியாக வேண்டும். "சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான் பேச்சைத் தொடங்கினாராம். பெற்ற பிள்ளைகூடப் பணவிஷயத்தை முடித்துவிட்டுத்தான் இதைக் கேட்பான். பிறகு, "உங்க பழைய பிளானை மூடப்போறாங்கம்மா, மாத்தலைன்னா நம்பரே போயிடும். பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன். இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கிற நம்பரை மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்றிருக்கிறார். மெசேஜ் வந்தது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்கள் ஊழியர்கள் ஒருபோதும் கேட்கமாட்டார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் எண்ணை மட்டும் படித்துச் சொன்னான். அவனுக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தில் எண்கள்வரைதான் வந்திருக்கிறான். தங்கள் நிறுவனத்தை நம்பாதே என்று தங்கள் நிறுவனமே எச்சரித்தும் அத்தை தங்களை நம்பினார். இப்படிப்பட்ட வாடிக்கையாளர் தங்களுக்கு இனிக் கிடைப்பது அரிது.

விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி. தங்கள் பிரதிநிதி சாதாரணப் பத்து இலக்கச் செல்பேசியிலிருந்து கூப்பிட்டார். அழைப்பில் ஒரு குடும்பத் தன்மை இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் போலும். 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம்தான். முன்பு அதற்கு மூன்று நாள் கெடு இருந்தது. 2025 பிப்ரவரியில் பெரிய மனது பண்ணி ஏழு நாளாக்கினார்கள். ஆனால் நடந்தது இன்னதென்று அத்தைக்குச் சொன்னது தங்கள் முதல் பில். அது மாதம் முடிந்து, வரியோடு வந்து சேர்ந்தது.

உடனே தங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டோம். புதிய இணைப்புக்கு ஒன்றை அமுக்கச் சொன்னார்கள். பிளானை உயர்த்த இரண்டு. பில் கட்ட மூன்று. இணைப்பை விடுவதற்கு எந்த எண்ணும் இல்லை. இந்த அழைப்பு தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று மட்டும் ஒரு குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது. ஒருவழியாக மனிதர் ஒருவர் கிடைத்ததும், அப்படியானால் அந்த இரண்டரை மணி அழைப்பின் பதிவைக் கொஞ்சம் போடுங்களேன் என்று கேட்டேன். அது "சிஸ்டத்தில் இல்லை" என்றார். எங்கள் புகார்களைத்தான் பதிவு செய்கிறீர்கள், தங்கள் வாக்குறுதிகளை அல்ல என்பது அப்போது விளங்கியது.

கடைக்குப் போங்கள் என்றார்கள். போனோம். ஓடிபி சொல்லி ப்ரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கும் அங்கிருந்து இங்குமாக மாறிக்கொள்ளும் வசதியைத் தொலைத்தொடர்புத் துறை 2021-ல் கொண்டுவந்தது. ஒருமுறை மாறியவர் அதே வழியில் திரும்ப 90 நாள் பொறுக்க வேண்டியிருந்தது. 2025 ஜூனில் அதை 30 ஆகக் குறைத்தார்கள். அந்தச் செய்தி தங்கள் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. டவர் கிடைக்கவில்லையோ என்னவோ. அவசரமென்றால் நேரில் வந்து அடையாளம் காட்டி மாறலாம் என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. ஒரிஜினல் ஆதார், டோக்கன், பிறகு நேரலைப் புகைப்படம். "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்றார். கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்த அத்தை தம்மால் ஆனமட்டும் சிமிட்டினார். தங்கள் செயலி ஏற்கவில்லை. அதற்குள் சர்வரும் படுத்துவிட்டது. உள்ளே வரும்போது அத்தையை யாரும் சிமிட்டச் சொல்லவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வேறு நிறுவனத்துக்கே போய்விடலாமென்று 1900-க்கு 'போர்ட்' மெசேஜ் அனுப்பினோம். பாக்கி இருப்பதால் முடியாதென்று பதில் வந்தது. அந்தப் பாக்கியே தவறென்பதால்தான் போகிறோம். அதைக் கட்டினால்தான் போகவிடுவீர்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ, அவரைக் கௌரவிக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் முறையிட்டால், தனிமனிதர் புகார்களை நாங்கள் விசாரிப்பதில்லை, நிறுவனத்திடமே போங்கள் என்கிறார்கள். நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. அவருக்கு 39 நாள் அவகாசம். அதற்குள் அடுத்த பில் வந்துவிடும்.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை வியாபாரத் தந்திரங்களைத் தடைசெய்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சேர்வதைச் சுலபமாகவும் விலகுவதைக் கடினமாகவும் வைக்கும் சந்தாப் பொறி அதில் ஒன்று. அவை இணையதளங்களுக்கான விதிகள், நாங்கள் போனில்தானே செய்தோம் என்று தாங்கள் வாதாடலாம். இந்த யோசனைக்கு நான் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

நேற்று பில் கட்டாததற்காக அத்தையின் எண்ணை நிறுத்திவிட்டீர்கள். நிறுத்துவதற்கு ஆதார் கேட்கவில்லை, டோக்கன் தரவில்லை, சர்வரும் ஒழுங்காக வேலை செய்தது. ஆக, இணைப்பைத் துண்டிக்கத் தெரியாத நிறுவனம் என்று இனித் தங்களை யாரும் குறைசொல்ல முடியாது.

எனவே ஒரு வேண்டுகோள். வருகிற திங்கட்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நான் தங்களைக் கூப்பிடுவேன். சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பேன். பிறகு தங்கள் செல்பேசிக்கு ஒரு மெசேஜ் வரும்; அதிலுள்ள எண்ணை மட்டும் படித்துச் சொன்னால் போதும். பயப்பட வேண்டாம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரின் மருமகன்.

இணைப்பு: அசல் சிம் கார்டு – 1.

நகல்: அத்தைக்கு (தபாலில், போனில் படித்துக்காட்ட வழியில்லை).