மாமாவின் சக்தியும் என் முழங்காலும்

என் முழங்காலுக்கு இதுவரை வைத்தியம் பார்த்தவர்களில் மிக அதிகமான சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர் என் மனைவியின் சித்தப்பாதான். ரெய்கியில் முதல் நிலை, இரண்டாம் நிலை, அதற்கு மேல் மாஸ்டர் என்று படிகள் உண்டு. மாமா எல்லாப் படியும் ஏறிவிட்டார். ஜப்பானில் 1922இல் மிக்காவோ உசுய் என்பவர் குராமா மலையில் 21 நாள் உண்ணாமல் கிடந்து பெற்றதாகச் சொல்லப்படும் சக்தியை, மாமா சனி, ஞாயிறு வகுப்புகளில் மதியச் சாப்பாட்டோடு பெற்றார்.

சக்தி உண்டா இல்லையா என்ற வம்புக்கு நான் போவதில்லை; பெண் எடுத்த வீடு. கை வைத்தால் வலி போகுமா என்று ஆராயப் புறப்படுமுன், கை வைக்கிறவருக்கு அந்த வித்தை வருமா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் கேள்வி. ஆய்வு தோற்றால் “அவர் சரியான ஆள் இல்லை” என்று சொல்லிவிடலாம். ஜெயித்தால் ஊரில் உள்ள அத்தனை மாஸ்டர்களுக்கும் அதில் பங்கு.

என் அம்மா வேறு ரகம். திருஷ்டி சுற்றி வத்தலை அடுப்பில் போடுவாள். நெடி வராவிட்டால் திருஷ்டி இருந்தது, கழிந்தது. வந்தால் திருஷ்டியே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அம்மா பாஸ். எனக்குச் சுற்றும்போதெல்லாம் வீடே இருமும். பொறாமைப்பட என்னிடம் ஒன்றுமில்லை என்பது இப்படித்தான் தெருவுக்குத் தெரிந்தது.

வழி காட்டியவள் என் மகள். அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி நாலாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்குச் செய்த சோதனையை எங்கோ படித்திருக்கிறாள். தொடாமலே உடலின் சக்தியைக் கையால் உணர்வதாகச் சொன்ன 21 பேர் ஒவ்வொருவராக வந்து, ஒரு அட்டைத் தடுப்பின் ஓட்டைகளில் இரு கைகளையும் நீட்டினார்கள். எமிலி நாணயத்தைச் சுண்டி, ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்தாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 முறையில் சரியாக வந்தது 123. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால்கூடப் பாதி தேறியிருக்கும். 27 வருட அனுபவசாலியும் அதில் இருந்தார். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அது வெளியானபோது எமிலிக்கு வயது 11. “நீங்க எம்.காம்.ப்பா” என்று மகள் ஞாபகப்படுத்தினாள்.

அதே சோதனையை மாமாவுக்கும் வைக்கலாமா என்று கேட்டோம். அவர் அசரவில்லை. “மலைக்காத்துல சக்தி கூடும் மாப்ளே, செண்பகத்தோப்புல வச்சுக்கிடுவோம்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியோதரையோடு கிளம்பி, தெரிந்தவர் மாந்தோப்பில் இறங்கினோம். போகிற வழியில் மகள் இன்னொன்றையும் அவிழ்த்துவிட்டாள். 1784இல் பாரிஸ் அருகே பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில், டெஸ்லான் என்ற வைத்தியர் ஒரு மரத்துக்குக் காந்த சக்தி ஏற்றினார். அவரே தேர்ந்தெடுத்த பையனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப் போனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். அது சக்தி ஏற்றாத மரம். மரங்களுக்கு இயல்பாகவே சக்தி உண்டு என்று டெஸ்லான் சமாளித்தார். அப்படியானால் அந்தப் பையன் எந்தத் தோட்டத்திலும் கால் வைக்க முடியாதே என்றது சோதிக்க வந்த விசாரணைக் குழு. செண்பகத்தோப்புக் காட்டழகர் கோயிலுக்குப் போகிற அத்தனை பேரும் வழியெல்லாம் விழுந்து கிடக்க வேண்டியிருக்குமே என்று நானும் கணக்குப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை, புளியோதரைத் தூக்கு மனைவி மடியில் இருந்தது.

இந்த மலையில் சாம்பல் நிற அணில்கள் இருக்கின்றன. அவற்றுக்காகவே 1988இல் சரணாலயம் அறிவித்தார்கள்; 2021இல் அது புலிகள் காப்பகத்துக்குள் அடங்கியது. அணில் லேசில் கண்ணில் படாது. ஆனாலும் மர உச்சியில் அது கட்டிய கூட்டைப் பார்த்து, இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மாமாவின் சக்தியும் எங்காவது ஒரு கூடு கட்டியிருந்தால் போதும் என்றுதான் தேடினேன்.

இரண்டு மாமரங்களுக்கு நடுவே போர்வையைக் கட்டினோம். மாமாவின் கண்ணுக்குச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. ஒரு சுற்றில் மலையே தெரியும் என்பதால் பல சுற்று சுற்றினோம். போர்வைக்கு அடியில் மாமா கைகளை நீட்ட, இந்தப் பக்கம் நான் குத்தவைத்து உட்கார்ந்தேன். மகள் காசைச் சுண்டினாள். மாமா “வலது” என்றார். சரி. “இடது.” சரி. வரிசையாக எல்லாமே சரி. மனைவி என்னைப் பார்த்த பார்வையில், இனி ஆயுளுக்கும் நான் சித்தப்பாவைக் கேள்வி கேட்க முடியாது என்பது தெரிந்தது.

மகள்தான் கவனித்தாள். “அப்பா, வலப்பக்கம் சாயும்போதெல்லாம் உங்க முட்டி ‘மடக்’குங்குது.”

இடப்பக்கம் சாய்ந்தால் சத்தம் இல்லை. எந்த மூட்டைக் குணப்படுத்த வந்தாரோ, அதே மூட்டு அவருக்கு விடை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அடுத்து மகள் உட்கார்ந்தாள். பாதிக்குப் பாதிகூடத் தேறவில்லை.

“சின்னப் பிள்ளைக்குச் சக்தி வெளியே வராது” என்று மாமா கண்கட்டை அவிழ்த்தார். மனைவியும் ஆமாம் போட்டாள். பிறகு மாமா என் தோளில் கை போட்டுத் தனியே கூட்டிப்போனார்.

“அடுத்த மாசம் ராஜபாளையத்துல புது ஆளுகளுக்கு கிளாஸ் எடுக்கேன். நீங்க வந்து முன்னால உக்காந்தாப் போதும் மாப்ளே. அதுவரைக்கும் அந்த முட்டிக்கு வேற எங்கயும் வைத்தியம் பாத்துராதீங்க.”