பி.எம்.ஐ. துரைக்கு ஒரு மனு

மாட்சிமை தங்கிய பி.எம்.ஐ. துரை அவர்கள் சமூகத்துக்கு,

சுங்கைப்பட்டாணியிலிருந்து, பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

சோற்றைப் பாதியாக்கினேன். தே தாரேக்கை விட்டு தே ஓ கோசோங்குக்கு மாறினேன். ஜிம்மில் சேர்ந்து இரும்பும் தூக்கினேன். கிளினிக் தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது! மிஸ்ஸி அட்டையில் தங்கள் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "அங்கிள், ராத்திரியில ரொட்டி சானாய் சாப்பிடுறத நிறுத்துங்க" என்றார். சிலுவார் இடுப்பில் நிற்காமல் இறங்குவதைச் சொல்லிப் பார்த்தேன். அட்டையில் சிலுவாருக்குக் கட்டம் இல்லையாம்.

துரை அவர்களின் பூர்வீகத்தை விசாரித்தேன். 1832இல் தங்களைப் பெற்ற குவெட்லே ஒரு பெல்ஜிய வானியலாளர். மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர். என் தொந்தியைப் பார்க்க வந்தவரல்ல. 1972இல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் தங்களுக்கு உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., என்ற பெயரைச் சூட்டினார். பிறகு ஆசியர்களுக்கு 25 தாராளம் என்று எடை மிகுதிக்கான வரம்பை 23க்கு இறக்கினார்கள். ஒல்லியாகத் தெரிகிற எங்களவருக்கும் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, ஆகவே அதில் வழக்கில்லை.

வழக்கு தண்ணீரைப் பற்றியது.

என் அம்மா வெட்டுக்காட்டிலிருந்து காண்டா வாளியில் பால் சுமந்து வந்து ஸ்டோரில் இறக்குவார். கிராணி எடையோடு விடமாட்டார். மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். நூறு கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் முப்பது, நாற்பது கிலோதான் தேறும். மிச்சத்துக்குக் காசு கிடையாது. வாளியில் ஒரு குவளை பச்சைத் தண்ணீரைச் சேர்த்துப் பார்த்த கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களை மெட்ரோலாக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கிராணிக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியவில்லையே துரை! புதிதாக இரும்பு தூக்குகிறவனுடைய தசைநாரில் நுண்ணிய கிழிசல் விழும். அது ஆறும்வரை உடம்பு அங்கே நீர் கட்டி வைக்கும். தசை சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துக்கொள்ளும். கிரியேட்டின் பொடி கலக்குகிற பையன்களுக்கு அதிலேயே ஒரு கிலோ ஏறலாம். முதல்நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்றால் உப்பும் தன் பங்கைக் கேட்கும். தாங்களோ எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கொழுப்பு என்று பேரேட்டில் எழுதிவிடுகிறீர்கள்.

தங்களை வேலையைவிட்டு நீக்கச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்த மலேசியரில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை மிகுதி அல்லது உடற்பருமன். நாட்டை அளக்கத் தாங்கள் போதும். ஆளை அளக்கத்தான் ஒரு கிராணி தேவை.

ஆகவே, இடுப்பளவுக்கும் அட்டையில் ஒரு கட்டம் போட உத்தரவிட வேண்டுகிறேன். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்ற வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. தையல் நாடா எந்தக் கடையிலும் கிடைக்கும். எடையையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்பெழுதாமல், காலையில் வெறும் வயிற்றில் சில வாரம் பார்த்துவிட்டு எழுதட்டும். எடையும் இடுப்பும் சேர்ந்தே ஏறிக்கொண்டு போனால், ரொட்டி சானாய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடத் தயார்.

இப்படிக்கு,
நீர் கோத்த தசைகளுடன்,
பால்மரம் வெட்டியவள் மகன்